ரெயிலின் மூக்கு கண்ணாடி நாரால் ஆனது!

(நமது திருப்பதி நிருபர்)

செகந்திராபாத் வந்தே பாரத் ரெயில் திருப்பதி பிளாட்பாரத்தில் வந்து நின்றால் போதும். மொட்டை போட்ட பக்தர்கள் பிள்ளை குட்டிகளோடு அதன் முன்பக்கம் போய் நின்று படம் எடுத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அம்பு முனைபோலக் கூர்ந்து, வழவழவென்று இருக்கும் அந்த மூக்கைத் தொட்டுப் பார்க்காமல் போகிறவர்கள் குறைவு. "எவ்வளவு கெட்டியான இரும்பு பாருடா!" என்று ஒரு தகப்பனார் மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

அது இரும்பு இல்லை. கண்ணாடி நாரையும் ரசாயனப் பிசினையும் சேர்த்து, அச்சில் வார்த்து எடுத்த ஓடு. நாம் "பைபர்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அதுதான்.

2022 அக்டோபர் 6-ந் தேதி மும்பையிலிருந்து காந்திநகர் சென்ற வந்தே பாரத் ரெயில், ஆமதாபாத் அருகே எருமைக் கூட்டத்தில் மோதி மூக்கு உடைந்து நின்ற படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ஓடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத ரெயில் அது. "எருமை முட்டினால் உடையும் ரெயிலா?" என்று நாடே கேலி செய்தது. டீக்கடையில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை, நான்தான் அந்த ரெயிலைச் செய்தவன்போல!

கேலி செய்தவர்களுக்கு விஷயம் தெரியாது. அந்த மூக்கு ஒரு முகமூடி. காற்றைக் கிழித்துச் செல்வதற்காக அந்த வடிவம். பாரம் தாங்குகிற எஃகுச் சட்டமும், பெட்டியோடு பெட்டியை இணைக்கும் கப்ளிங்கும் அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. அடிபட்டால் உடைவது முகமூடியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உடைந்த மூடியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டி, மறுநாளே அந்த ரெயிலை ஓட்டினார்கள். அதே வடிவத்தை எஃகுத் தகட்டில் தட்டி எடுத்திருந்தால், கோணியதை நிமிர்த்தவே பல நாள் ஆகியிருக்கும். எடையும் கூடியிருக்கும்.

எடை என்றதும்தான் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு வருகிறோம்.

72 பேருக்கு 38 டன்

நான் ரெயில்வே குமாஸ்தா. பார்சல் பக்கம் வேலை பார்த்தவன். சித்தூர் மாங்காய்க் கூடையானாலும், மோட்டார் சைக்கிளானாலும் தராசில் ஏறாமல் ரசீது கிடையாது. பயணி கூடுதலாக 20 கிலோ கொண்டுவந்தால் கணக்குப் பார்த்துக் காசு வாங்குகிற நாங்கள், ரெயிலின் சொந்த எடையைப் பற்றி யோசிப்பதே இல்லை.

கணக்கைப் பாருங்கள். பழைய மாதிரி இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டியில் 72 பேர். ஆளுக்கு மூட்டை முடிச்சோடு 80 கிலோ என்று தாராளமாகவே போட்டாலும், மொத்தம் 6 டன் தேறாது. ஆனால் பெட்டியின் வெற்று எடை ஏறக்குறைய 38 டன். அதாவது ஒரு பயணியைக் கொண்டுபோக அரை டன்னுக்கு மேல் இரும்பைக் கூடவே இழுத்துப் போகிறோம். ஒவ்வொரு நிலையத்திலும் அந்த இரும்பைக் கிளப்ப வேண்டும், பிறகு பிரேக் போட்டு நிறுத்த வேண்டும். மின்சாரம், டீசல், சக்கரத் தேய்மானம், தண்டவாளத் தேய்மானம் எல்லாம் அந்த எடையின் மேல்தான் ஏறுகின்றன.

முன்னோர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அந்தக் காலத்து மரப் பெட்டிகள் விபத்து நேரத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிதறின. 1955 அக்டோபர் 2-ந் தேதி சென்னை பெரம்பூரில் நேரு திறந்துவைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில், சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் உதவியோடு முழு எஃகுப் பெட்டிகள் செய்யத் தொடங்கினார்கள். அடியில் தனியாக ஒரு கனத்த சட்டம், அதன்மேல் பெட்டி என்றிராமல், சுவர், கூரை, தளம் அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்கும்படி அமைத்தார்கள். முட்டை ஓடுபோல. எடை குறைந்தது, பலம் கூடியது. 2018-ல் முதல் வந்தே பாரத்தைச் செய்ததும் அதே பெரம்பூர்தான். அது டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே 2019 பிப்ரவரி 15-ந் தேதி ஓடத் தொடங்கியது. நம் திருப்பதிக்கு 2023 ஏப்ரல் 8-ந் தேதி வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி சென்னை - விஜயவாடா வந்தே பாரத் ரேணிகுண்டா வழியாக ஓட ஆரம்பித்தது.

அமைப்பை மாற்றி எடையைக் குறைக்கலாம். பொருளை மாற்றியும் குறைக்கலாம். இரண்டாவது வழியில் வந்ததுதான் பைபர்.

குதிரும் பொய்க்கால் குதிரையும்

பெயர் ஆங்கிலமாக இருப்பதால் யோசனையும் சீமையிலிருந்து வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கிராமத்தில் நெல் கொட்டி வைக்கும் குதிரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வெறும் மண்ணில் குதிர் செய்தால் வெடித்துவிடும். மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதித்துச் செய்தால் தலைமுறைக்கும் நிற்கும். வெடிப்பு ஓட ஆரம்பித்தால் குறுக்கே கிடக்கும் வைக்கோல் அதைப் பிடித்து நிறுத்திவிடும். மண் தனியாக நின்றால் உதிரும். வைக்கோல் தனியாக நின்றால் சாயும். சேர்ந்தால் வேறு ஒன்று.

திருவிழாவில் ஆடும் பொய்க்கால் குதிரை இன்னொன்று. இடுப்பில் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக ஆட வேண்டுமானால் அது எவ்வளவு லேசாக இருக்க வேண்டும்! மூங்கில் பிளாச்சில் சட்டம், மேலே காகிதமும் துணியும் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்படும். காகிதத்துக்குப் பதில் கண்ணாடி நார், புளியங்கொட்டைப் பசைக்குப் பதில் பாலியெஸ்டர் ரெசின் என்று வைத்துக்கொண்டால், வந்தே பாரத் மூக்கும் அதுவும் தூரத்துச் சொந்தம்.

கண்ணாடி கீழே விழுந்தால் உடையுமே, அதை வைத்து ரெயில் செய்வதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1920-ல் கிரிபித் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். கண்ணாடி பலவீனமானதில்லை, அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் அதைக் காட்டிக்கொடுக்கின்றன என்று கண்டார். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக இழுக்க இழுக்க, கீறலுக்கு இடமில்லாமல் போகிறது. பலம் பல மடங்கு ஏறுகிறது. இன்று பயன்படும் கண்ணாடி இழை தலைமயிரைவிட மெல்லியது. ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால் சாதாரண எஃகை மிஞ்சும் இழுவிசைப் பலம் அதற்கு உண்டு. இழைகளை ஒன்றாகக் கட்டிப்போடவும், ஒன்று அறுந்தால் அதன் பாரத்தைப் பக்கத்து இழைக்குக் கடத்தவும் பிசின் வேண்டும். ஒரே அளவுள்ள கட்டியாக எடுத்தால், இரும்பு தண்ணீரைப்போல் 7.8 மடங்கு எடை. கண்ணாடி நார்ப் பொருள் 2 மடங்குக்குள் அடங்கிவிடும்.

நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கத்து நெசவாளர்களுக்கு இதன் சூட்சுமத்தை இன்னும் சுலபமாகச் சொல்லிவிடலாம். துணியைப் பாவு நூல் ஓடும் பக்கம் இழுத்தால் தாங்கும், ஊடை நூல் பக்கம் இழுத்தாலும் தாங்கும். மூலைவாட்டத்தில் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும் அல்லவா? பைபரும் அப்படியே. பாரம் எந்தத் திசையில் வருமோ அந்தத் திசையில் இழையைப் போட வேண்டும். இரும்புத் தகட்டுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். பைபரைச் செய்கிறவன் அந்தத் திசையை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். கையில் பழக்கம் இல்லாதவன் இழையைத் தாறுமாறாகப் போட்டாலும் மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த வம்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ராமேஸ்வரத்துக்காரர் செய்த வேலை

இந்தியாவில் இந்தப் பொருளுக்குப் பெருமை தேடித் தந்த இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது, சூளூர்பேட்டையோடு ஸ்ரீஹரிகோட்டாவும் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்துதான் 1980 ஜூலை 18-ந் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 1979 ஆகஸ்டு 10-ந் தேதி செய்த முதல் முயற்சி கடலில் விழுந்தது.

17 டன் ராக்கெட் கிளம்பி, கடைசியில் மேலே கொண்டு சேர்த்தது 35 கிலோ. ரெயிலில் 6 டன் மனிதருக்கு 38 டன் இரும்பு என்று அங்கலாய்த்தோமே, இங்கே கணக்கு அதைவிட மோசம்! உச்சியிலுள்ள அடுக்கின் உறையில் ஒரு கிலோவைக் குறைத்தால், அந்த ஒரு கிலோ அப்படியே செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும். ஆகவே மேல் அடுக்குகளின் உறைகளை எஃகில் செய்யாமல், ரெசினில் நனைத்த கண்ணாடி இழையை நூல்கண்டு சுற்றுவதுபோல் எந்திரத்தில் சுற்றிச் செய்தார்கள். திருவனந்தபுரத்தில் இந்த இழைப் பொருள் வேலையை வளர்த்தவர்களில் முக்கியமானவர், எஸ்.எல்.வி.-3 திட்டத்துக்கு இயக்குனராக இருந்த அப்துல் கலாம். பின்னாளில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு உறைக்குக் கெவ்லார் என்ற இன்னும் லேசான இழை வந்தது.

1982-ல் கலாம் ஐதராபாத் ஏவுகணைக் கூடத்துக்குப் போனார். 1989 மே 22-ந் தேதி ஏவப்பட்ட அக்னி ஏவுகணையின் முனை, வானிலிருந்து திரும்பிக் காற்றுக்குள் நுழையும்போது எஃகும் உருகும் சூட்டைத் தாங்க வேண்டும். அதற்குக் கரி இழையையும் கரியையும் சேர்த்து ஒரு பொருள் செய்தார்கள். இது ஆயுத சமாசாரம், நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் அதன் தொடர்ச்சி அப்படி விடக்கூடியதில்லை.

ஐதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலிருந்து எலும்பு வைத்தியர் ஒருவர் கலாமின் கூடத்துக்கு வந்தார். அங்கிருந்த லேசான பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர், கலாமைத் தம் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனார். அங்கே போலியோவில் கால் சூம்பிய சிறுவர், சிறுமியர் 3 கிலோ எடையுள்ள உலோகக் காலணிச் சட்டங்களை மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். ஏவுகணைக்குக் கையாண்ட பொருள் நுட்பத்தைக் கொண்டே சில வாரங்களில் 300 கிராம் எடையில் சட்டம் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். தாய் தகப்பன்மார் கண்கலங்கினார்கள். தம் வாழ்நாளில் கண்ட பேரானந்தங்களில் ஒன்றாகக் கலாம் இதை மேடைதோறும் சொல்லிவந்தார்.

பத்தில் ஒரு பங்கு எடை. லேசாக்குவது என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கவைத்தது ராக்கெட் இல்லை, அந்தக் காலணிதான்.

நம் கண் முன்னால்

ரெயில் பெட்டியில் பைபர் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கழிவறையின் சுவர், தளம், கதவு எல்லாமே பைபரில் வார்த்தவையாக வருகின்றன. ஜன்னல் சட்டங்களும் அப்படியே. இதில் எடையைவிடப் பெரிய லாபம் துரு. பழைய எஃகுப் பெட்டிகளில் முதலில் அரித்துப் போவது கழிவறையின் அடித்தளம்தான். தண்ணீர் கசிந்து கசிந்து, மேலே பார்க்க நன்றாக இருக்கும் பெட்டியின் கீழ்ச்சட்டம் அப்பளமாகியிருக்கும். திருப்பதியை ஒட்டிய செட்டிப்பள்ளிப் பணிமனை போன்ற இடங்களில் பெட்டிகளைத் தூக்கிவைத்துப் பழுதுபார்க்கிறவர்கள் வெட்டி ஒட்டி வெல்டிங் செய்து மாளாத வேலை அது.

பெட்டிக்கு அடியில் பிரேக் கட்டையும் மாறியிருக்கிறது. முன்பு வார்ப்பிரும்புக் கட்டை. பிரேக் போட்டால் தீப்பொறி பறக்கும், காது கிழியும். இப்போது இழைகளும் பிசினும் கலந்து இரும்புத் தகட்டின்மேல் அழுத்தி எடுத்த கட்டைகள். லேசு, சத்தம் குறைவு, தேய்மானமும் குறைவு. ஆனால் இரும்புக் கட்டை சூட்டைத் தானும் வாங்கிக்கொள்ளும், இது வாங்காது. சூடெல்லாம் சக்கரத்தின் தலையில் விழுகிறது. ஆகவே சக்கரத்தில் வெடிப்பு உண்டா என்று கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. எதுவும் இனாமாகக் கிடைப்பதில்லை.

மின்சார என்ஜினில் பல்சக்கரத்தை மூடும் பெட்டியைக்கூடப் பைபரில் செய்கிறார்கள். 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைகளும் கலப்புப் பொருள்தான். கடல் காற்று இரும்பைத் தின்னும் இடம் அது. 1914-ல் திறந்த பழைய பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றவே தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் பிரெஞ்சுக் கம்பெனியான அல்ஸ்டாம் சென்னை மெட்ரோ ரெயில் பெட்டிகளைச் செய்து அனுப்புகிறது. மெட்ரோ ரெயில்களில் உடல் எஃகோ அலுமினியமோ ஆனாலும் முகப்பு பெரும்பாலும் பைபர். திருமலைப் பாதையில் 2022 செப்டம்பர் முதல் மின்சாரப் பஸ்கள் ஓடுகின்றன. பேட்டரியே டன் கணக்கில் எடை. அத்தனையையும் மலைமேல் ஏற்ற வேண்டுமானால் பஸ்ஸின் உடம்பில் எங்கே இளைக்கலாம் என்று பார்த்துத்தானே ஆக வேண்டும்? ஆகாய விமானத்தில் இது எல்லை கடந்துவிட்டது. பெங்களூரில் 2001-ல் முதலில் பறந்த தேஜாஸ் போர் விமானத்தின் கட்டமைப்பு எடையில் 45 சதவீதம், போயிங் 787 விமானத்தில் பாதி, இத்தகைய கலப்புப் பொருளே.

கம்பி கட்டுகிறவர் கேட்ட கேள்வி

வீடு கட்டுவோருக்கும் இப்போது பைபர் கம்பி வந்துவிட்டது. கான்கிரீட்டுக்குள் போடும் முறுக்குக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி நார்க் கம்பி. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023-ல் இதற்கென்றே தரக்குறிப்பு வெளியிட்டது. எஃகுக் கம்பியில் நான்கில் ஒரு பங்கு எடை, துருப்பிடிக்கவே பிடிக்காது. கடலோரக் கட்டிடம், உப்புத் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றுக்கு நல்லது.

சித்தூரில் எனக்குப் பழக்கமான கம்பி கட்டும் மேஸ்திரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வளையுமா சார்?"

வளையாது. எஃகுக் கம்பியைக் களத்திலேயே நெம்பி வளைத்துக் கொக்கி போடலாம், வளையம் கட்டலாம். இதை வளைத்தால் முறியும். வளைவு வேண்டுமானால் தொழிற்சாலையிலேயே சொல்லி வார்த்து வாங்க வேண்டும். விறைப்பும் எஃகில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் என்பதால் உத்திரம் கூடுதலாகத் தொய்யும். இரும்பு முறியுமுன் நீளும், சுவர் விரிசல் விட்டு நமக்கு முன்னறிவிப்பு கொடுக்கும். பைபர் கம்பி தாங்குகிற வரை தாங்கி, சொல்லாமல் அறுந்துவிடும். தீப்பிடித்தால் பிசின் இளகிப் போகும். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு, "தரைக்குப் போடலாம், தலைக்குமேல் போட இஞ்சினீயர் கையெழுத்து வேணும்" என்றார். அவர் சொன்னதைவிடச் சரியாக நானும் சொல்லமாட்டேன். விலை மலிவென்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக மொட்டைமாடிக்குப் போட்டுவிட வேண்டாம்.

தீயும் குப்பையும்

சாதாரண பாலியெஸ்டர் பிசின் நன்றாக எரியும். கரும்புகை கக்கும். 2012 ஜூலை 30-ந் தேதி விடியற்காலை நெல்லூரில் தமிழ்நாடு எக்ஸ்பிரசின் எஸ்-11 பெட்டி எரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்தப் பக்கத்துத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தீக்குப் பைபர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற ரெயிலில் புகை எவ்வளவு வேகமாக உயிரை வாங்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ரெயிலுக்கு வாங்கும் பைபரில் தீயை அடக்கும் ரசாயனம் சேர்ந்திருக்க வேண்டும், புகை அளவு இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. மார்க்கெட்டில் கடைக்கும் வீட்டுக்கும் விற்கும் மலிவுக் கதவு, கூரைத் தகடுகளில் அந்த ரசாயனத்தை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, கழிவு. பழைய ரெயில் இரும்பை ஏலத்தில் எடுக்கப் போட்டி போடுவார்கள், ஏனென்றால் உருக்கினால் மறுபடியும் இரும்பு. இந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. உடைந்த பைபருக்குக் காயலான் கடைக்காரர் காலணா தரமாட்டார். குமரி மாவட்டத்து முப்பந்தலில் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகள் அத்தனையும் கண்ணாடி நார். அவை ஓய்வு பெறும் காலம் வந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனியில் இத்தகைய இறக்கைகளைத் துண்டு போட்டுச் சிமெண்ட் சூளையில் எரிக்கிறார்கள். பிசின் விறகாகிறது, கண்ணாடி சிமெண்டோடு கலக்கிறது. பக்கத்துக் கடப்பை ஜில்லாவில் சிமெண்ட் சூளைகளுக்குப் பஞ்சமில்லை. நம் அதிகாரிகள் யோசிக்கலாம்.

தரம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் கட்டுமரம் இழந்தவர்களுக்குப் பைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் கொடுக்கப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்த பட்டறைகளில் அவசரமாகக் கட்டியவையும் அவற்றில் உண்டு. எத்தனை அடுக்கு நார் போட்டார்கள் என்பது பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடும். வாசகர்கள் தண்ணீர்த் தொட்டியோ கதவோ வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம். அடுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தால் "டங்" என்று தெளிவாகக் கேட்கும். உள்ளே பிரிந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருக்கும். வெட்டிய விளிம்பில் நார் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தாலும் வாங்க வேண்டாம்.

அரிப்பு பழகிவிடுமா?

இந்தப் பொருளைச் செய்கிற கைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. திருப்பதியைச் சுற்றிச் சாலையோரக் கொட்டகைகளில் பைபர் சிலை, அலங்கார வளைவு, தொட்டி, ஆட்டோ கூரை என்று செய்கிறார்கள். வேலை செய்வோரில் திருத்தணி, அரக்கோணம் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் பலர். அச்சில் மெழுகு தடவி, ஜெல்கோட் பூசி, நார் மேட்டை வைத்து, பிரஷ்ஷால் ரெசினைத் தட்டித் தட்டி ஊறவைப்பார்கள். இறுகியதும் கழற்றி, விளிம்பைக் கிரைண்டரில் தேய்ப்பார்கள். அப்போது எழும் தூசி கண்ணாடித் தூள். வெயிலில் பார்த்தால் மினுமினுக்கும்.

ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். முழங்கை வரை சொறிந்து சிவந்திருந்தது.

"அரிக்கலையாப்பா?"

"முதல் மாசம்தான் சார் அரிக்கும். அப்புறம் பழகிடும்."

"மூக்குக்கு ஒண்ணும் கட்டிக்கறதில்லையா?"

"கொரோனாவுக்குக் குடுத்த மாஸ்க் இருக்கு சார். அதைக் கட்டினா மூச்சு முட்டுது, தூசியும் நிக்க மாட்டேங்குது."

அவன் சொன்னது சரி. துணி மாஸ்க் இந்தத் தூசிக்குப் போதாது. நுண்தூசியை வடிகட்டும் கவசம் தனியாக உண்டு. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் நெடி தலைவலி, கிறுகிறுப்பைக் கொண்டுவரும். காற்றோட்டம் வேண்டும். கையைக் கழுவ அசிடோன் பயன்படுத்துகிறார்கள், அது தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வெடிக்கவைக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது வேறு. ரெசினை இறுகவைக்க ஹார்டனர் என்று ஒன்றும், அதை வேகப்படுத்தக் கோபால்ட் என்று ஒன்றும் ஊற்றுகிறார்கள். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். நான் பார்த்த கொட்டகையில் இரண்டு பாட்டிலும் பெயர் எழுதாமல் ஒரே பலகையில் பக்கம் பக்கமாக நின்றன. சொன்னதும் முதலாளி ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தார். அடுத்த வாரம் எங்கே வைத்திருப்பாரோ!

ரெயிலுக்கும் ராக்கெட்டுக்கும் போகும் பொருளைச் செய்யும் பெரிய ஆலைகளில் உறிஞ்சு குழாய், கையுறை, கவசம் எல்லாம் உண்டு. கொட்டகையில் கற்றுக்கொள்ளும் பையனுக்கு அந்த வாசல் திறப்பதில்லை. அவனுக்குத் தெரிந்தது பிரஷ்ஷும் கிரைண்டரும்தான். இழையின் திசை என்ன, இத்தனை அடுக்கு ஏன் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தப் பையன் பத்தாம் வகுப்பு தேறியவன், என்னைப்போல. சென்னை கிண்டியில் 1968-ல் ஏற்பட்ட மத்திய அரசின் சிபெட் நிலையத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கே மூன்றாண்டு டிப்ளமோ படிப்புகள் இருக்கின்றன என்று அவனிடம் சொன்னேன். பிளாஸ்டிக், அச்சு வேலை எல்லாம் முறையாகக் கற்றுத் தருகிறார்கள். ஆந்திராவில் விஜயவாடாவிலும் அதன் நிலையம் உண்டு. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு உண்டு, அதற்கான அறிவிப்பு வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி வரும். பிள்ளைகளை வைத்திருப்போர் கவனித்து வரவும்.